கிருஷ்ணகிரியில் ரயில் ஏறியவன்

நான் கிருஷ்ணகிரியில் ரயில் ஏறியவன்.

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் இந்த வரியிலேயே சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் கலெக்டர் இருக்கிறார். அணை இருக்கிறது. மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன. எந்தத் திசையில் ஓடிப்போக நினைத்தாலும் அதற்கொரு பெரிய சாலை இருக்கிறது. ரயில் மட்டும் கிடையாது. தண்டவாளமும் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் ரயில் வரும் என்பார்கள். தேர்தல் மட்டும் நேரத்துக்கு வந்து போகும். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் நான் முதல் பெட்டியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கழுத்தில் ஓசூர் ரோஜா மாலையோடு, ஊரே எழுந்து நின்று கைதட்ட, கூவென்று ஊதிக்கொண்டு கிளம்பினேன்.

ஓசூரில் எங்கள் பாகலூர் ரோட்டு பேக்கரியில் இதை முதன்முதலாகச் சொன்னபோது, டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மூக்கு வழியாக டீ வந்துவிட்டது. சம்பங்கி மட்டும் சிரிக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏம்பா அண்ணாதுரை, அடுத்த வாரம் வேப்பனப்பள்ளியில கப்பல் ஏறப் போறியா? சொல்லிட்டுப் போ. கையாட்டறதுக்கு வர்றேன்."

சம்பங்கி சாதாரண ஆள் இல்லை. நான் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். அவன் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "சரி" என்று சொல்லாத ஒரு போல்ட்டுகூட எந்த வண்டியிலும் ஏறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் தெருவில் எது உண்மை, எது புளுகு என்று முத்திரை குத்துவது அவன்தான். அவன் நம்பாததை எங்கள் வீட்டு நாய்கூட நம்பாது.

நாய் நம்பாவிட்டால் போகட்டும். என் மகள் ஜெயப்ரியா நம்பவில்லை. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறவள், வந்த நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒரு டப்பா கண்ணாடி வளையல் ஃப்ரிட்ஜின் மேல் பிரிக்காமல் கிடக்கிறது. "சம்பங்கி மாமா ஒத்துக்கட்டும். அப்பறமா அந்த வளையலைப் போட்டுக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம்தான் சொன்னாள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் வழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் கூட்டிச் சொல்ல டிக்கெட் விற்ற கம்பெனிக்காரர்கள் எனக்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

நான் வேலை பார்த்தது பர்ச்சேஸ் பிரிவில். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு துடைப்பம்கூட என்னைத் தாண்டி உள்ளே போகாது. மூன்று சப்ளையர், மூன்று மூடிய கவர். மூன்றையும் ஒன்றாகப் பிரித்து, குறைந்த விலைக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அந்த டீயின் விலையையும் சேர்த்துக் குறைக்கச் சொல்வேன். இந்தப் பழக்கம் பென்ஷனோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கொத்தமல்லிக் கட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்குவேன். பெண் பார்க்கும்போதுகூட மூன்று வீடு பார்த்துவிட்டுத்தான் தன்னைக் கட்டினேன் என்று மங்கம்மா சொல்லிக்காட்டுவாள். அது அபாண்டம். இரண்டு வீடுதான். மூன்றாவது வீட்டில் கதவையே திறக்கவில்லை.

ஜெயப்ரியா ஓசூரில் வேலை பார்த்தபோது கோவில்பட்டிக்காரரான ரத்தினவேலைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். மாப்பிள்ளை இப்போது சொந்த ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கேதான் வளைகாப்பு. தாய் வீட்டிலிருந்து வளையலும் கட்டுச்சோறும் போக வேண்டும். விழா முடிந்ததும் பெண்ணை அழைத்து வர வேண்டும். ஏற்கெனவே அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு "எங்கயோ கர்நாடகா ஓரத்துல இருந்து வந்த பொண்ணு, முறை கிறை தெரியுமோ தெரியாதோ" என்று ஒரு முணுமுணுப்பு உண்டு.

மங்கம்மா தெளிவாகச் சொன்னாள்.

"ஏங்க, எனக்கு முட்டி வலி. பஸ்ஸுல ராத்திரி பூரா குந்திக்கினு வர முடியாது. ஆட்டோ புடிச்சு ஸ்டேஷனுக்குப் போங்க. சீட்டு எழுதி நீட்டுங்க. கீழ் பெர்த் கேளுங்க. வாங்கினு வாங்க. எம்பொண்ணு அங்க தலை குனியக் கூடாது. அவ்ளோதான்."

"ஒரே இடத்துல விசாரிச்சு வாங்கறதா? ஆடிட்ல மாட்டிக்குவேன் மங்கம்மா."

"எந்த ஆடிட்டு? வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேரு."

"வளையல்?"

"அதையும் நீங்கதானே வாங்கறேன்னீங்க."

"ரெண்டு கடையில விலை கேட்டாச்சு. மூணாவது பாக்கி."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் போனை எடுத்தேன்.

ஆன்லைனில் ரயில் டிக்கெட் விற்கிறவர்கள் நிறையப் பேர். நான் என் முறைப்படி மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தேன்: கூகூவண்டி, சீட்டுராஜா, சுகயாத்திரை. ரயில் ஒன்று, இருக்கை ஒன்று, டிக்கெட் விலையும் ஒன்று. வித்தியாசமெல்லாம் அதன் தலைமேல் ஏற்றும் கட்டணத்தில்தான்.

கூகூவண்டி "புக்கிங் கட்டணம் அறவே இல்லை" என்று பச்சை எழுத்தில் மின்னியது. உள்ளே போனால் சௌகரியக் கட்டணம் இருந்தது. சீட்டுராஜாவில் சௌகரியக் கட்டணம் கிடையாது. வசதிக் கட்டணம் உண்டு. சுகயாத்திரையில் இரண்டுமே கிடையாது. அப்பாடா என்று கீழே இறங்கினால், இரண்டும் இல்லாத நிம்மதிக்காக நிம்மதிக் கட்டணம் என்று ஒன்று உட்கார்ந்திருந்தது.

அதற்கும் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லாவற்றிலும் அவர்களே 'சரி' போட்டு வைத்திருந்தார்கள். காப்பீடு. மரம் நடுதல். ரயில் தாமதமானால் ஆறுதல் செய்தி. நான் காப்பீட்டை எடுத்தேன். உடனே ஒரு கேள்வி குதித்தது: "உங்கள் மனைவியின் பாதுகாப்பில் உங்களுக்கு அக்கறை இல்லையா?" பதில் சொல்ல இரண்டு பொத்தான்கள். ஒன்றில் "அக்கறை உண்டு". இன்னொன்றில் "இல்லை, அவள் எக்கேடு கெட்டாலும் சரி".

மங்கம்மா எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எப்படி ஐயா இரண்டாவதை அமுக்குவது? அமுக்கினேன். அமுக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்தது பேரம். மூன்று கம்பெனிக்கும் போன் போட்டேன்.

"வணக்கம், கூகூவண்டி. நான் சரிதா."

"சீட்டுராஜாவுல உங்களைவிடக் கம்மியா சொல்றாங்கம்மா. உன் கடைசி ரேட்டு சொல்லு."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு ஒரு தும்மல். "சார், இது ரயில் டிக்கெட் சார். கத்திரிக்கா இல்ல."

"எல்லாத்துக்கும் ஒரு கடைசி ரேட்டு உண்டும்மா."

"இந்த உரையாடல் தரமா இருந்துதான்னு ஒண்ணுலர்ந்து அஞ்சுக்குள்ள அமுக்குங்க சார்."

சீட்டுராஜாவில் எடுத்த பெண்ணும் தும்மினாள். சுகயாத்திரையில் எடுத்தவளும் தும்மினாள். ஓசூர்க் குளிருக்கு யாருக்குத்தான் தும்மல் வராது என்று விட்டுவிட்டேன். நான் பர்ச்சேஸில் குப்பை கொட்டியவன் என்று சொல்லிக்கொள்ள இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இதற்குள் பெர்த்துகள் கரைந்துகொண்டிருந்தன. காலையில் பச்சையாக இருந்தது சாயங்காலம் மஞ்சளானது. பதறவில்லை. கொட்டேஷனை வைத்து முடிவுக்கு வர முடியாதபோது எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு: ட்ரையல் ஆர்டர். மூன்று சப்ளையரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் பார்ப்பது. மூன்றிலும் டிக்கெட் போட்டேன். எந்த பில் குறைவாக வருகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ரத்து செய்தேன். ரத்து செய்ய ஒரு கட்டணம். ரத்து செய்வதிலுள்ள சௌகரியத்துக்கு ஒரு கட்டணம். திரும்பி வரும் பணம் என் வங்கிக்கு வராமல் அவர்களுடைய பணப்பையில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து அதை எழுப்பிக் கூட்டி வர ஒரு கட்டணம். இதற்குள் முதல் கம்பெனிக்காரன் "உங்களுக்காக மட்டும் இன்று சலுகை" என்று செய்தி அனுப்பினான். வைத்திருந்ததையும் ரத்து செய்துவிட்டு அவனிடம் போட்டேன். அதைப் பார்த்து இரண்டாமவன் செய்தி அனுப்பினான்.

எத்தனை முறை என்று சொல்லமாட்டேன். மங்கம்மா இதைப் படிப்பாள்.

கடைசியில் எல்லாரையும் மடக்கிவிட்ட திருப்தியோடு நிமிர்ந்தபோது என் கையில் இருந்தது காத்திருப்போர் பட்டியலில் எங்கோ வால் பக்கம் நிற்கும் ஒரு டிக்கெட்.

"எடுத்தாச்சா?" என்றாள் மங்கம்மா.

"ஆகிட்டே இருக்கு."

அவள் பையை எடுத்துக்கொண்டு, சம்பங்கியின் மனைவி நஞ்சம்மாவோடு காய் வாங்கி வருகிறேன் என்று ஆட்டோவில் போனாள். காய்க்கு எதற்கு ஆட்டோ என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அந்த மூன்று கம்பெனிகளின் ஓசூர் அலுவலகங்களைத் தேடிப் போனேன். கூகூவண்டியின் முகவரி ஒரு பைக் ஷோரூமின் மாடி. சீட்டுராஜாவின் முகவரியும் அதே மாடி. சுகயாத்திரையும் அங்கேதான். வாடகை மிச்சம் பிடிக்கிறார்கள் போல என்று படியேறினேன்.

மேலே மூன்று கவுன்ட்டர், மூன்று பெயர்ப்பலகை, ஒரே ஒரு பெண். கூகூவண்டி கவுன்ட்டரில் போய் நின்றேன். அவள் பச்சை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க சார், நான் சரிதா" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "இது சீட்டுராஜாவுல கேக்கணும் சார். அவங்க பக்கத்து கவுன்ட்டர்." நகர்ந்தேன். அவளும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்து வந்து, பச்சை அட்டையைக் கழற்றிச் சிவப்பை மாட்டினாள்.

"சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"ஏம்மா, இப்பத்தானே சொன்னேன்?"

"அது வேற கம்பெனி சார். வாடிக்கையாளர் ரகசியத்தை நாங்க அவங்களோட பகிர்ந்துக்க மாட்டோம்." தும்மினாள்.

அந்தத் தும்மலில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது.

நான் வேலையில் இருந்தபோது சுபாஷ் என்று ஒரு பையன் கையுறை சப்ளை செய்ய வந்தான். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றேன். தன்னுடையதையும், "தெரிஞ்ச கம்பெனிங்க சார்" என்று இன்னும் இரண்டையும் அவனே கொண்டு வந்தான். மூன்று லெட்டர்ஹெட், மூன்று விலை. ஆனால் மூன்று கவரைப் பிரித்தபோதும் மாம்பழ வாசனை அடித்தது. கிருஷ்ணகிரியில் அவன் மாமாவின் மண்டியில் ஒரே மேஜையில் உட்கார்ந்து மூன்றையும் எழுதியிருக்கிறான். "எனக்கேவா?" என்று ஆபீஸே கேட்கும்படி கத்தி அவனை வெளியே அனுப்பினேன். அதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மூன்று கவரும் ஒரே பெண்ணாக என் முன்னால் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தன.

மேலாளர் ஹரீஷ்குமாரின் அறைக்குள் போய்க் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. பாதாம் பருப்பு நீட்டினார்.

"மூணும் எங்களுதுதான் சார். இதுல மறைக்கறதுக்கு என்னா இருக்கு? ஒரே கம்பெனியா இருந்தா நீங்க எதோட எதை ஒப்பிடுவீங்க? கஸ்டமருக்கு ஒப்பிட்டுப் பார்த்தோம்ங்கற திருப்தி வேணும் சார். அந்தத் திருப்தியை ரயில்வே குடுக்குமா? குடுக்காது. நாங்கதான் குடுக்கறோம். கட்டணம் அதுக்குத்தான்."

"தம்பி, எனக்குத் திருப்தி வேணாம். பொண்ணுக்கு வளைகாப்பு. கீழ் பெர்த் வேணும்."

"ரயில் எங்க கையில இல்ல சார்." வருத்தமாகக் கையை விரித்தார். "ரயிலைத் தவிர மத்ததெல்லாம் எங்க கையில இருக்குது."

கம்ப்யூட்டரில் என் போன் நம்பரைத் தட்டினார். திரையைப் பார்த்தவர் மெதுவாக எழுந்து நின்றார். "சரிதா, இங்க வா!" அவளும் வந்து பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கைதட்டினார்கள்.

"சார், நீங்க சாதாரண கஸ்டமர் இல்ல. மாணிக்க உறுப்பினர்! கிருஷ்ணகிரியில நம்ம வாடிக்கையாளர் பெருவிழா. நீங்கதான் சிறப்பு விருந்தினர். உங்க டிக்கெட்டை எங்க முதலாளியே மேடையில குடுப்பாரு."

"கன்ஃபர்ம்டா?"

"மேடையில குடுக்கறது எல்லாம் கன்ஃபர்ம்தான் சார்."

விழா, நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய அதே நாள் மதியம். ரயிலோ ஓசூரில் இருட்டிய பிறகுதான். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடலாம். வளையலுக்கு மூன்றாவது கடையும் கிருஷ்ணகிரியில்தான் பாக்கி. ஒரே பயணத்தில் இரண்டு வேலை. மங்கம்மாவிடம் சொன்னபோது, "போய்ட்டு வாங்க" என்றாள். அவ்வளவு சாதுவாக அவள் பேசினால் நான் பயந்திருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியில் மூன்றாவது கடை விலைதான் குறைவாக இருந்தது. வளையல் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வாசலில் மஞ்சள் பலகை: 'கிருஷ்ணகிரி சந்திப்பு'. கீழே கன்னடத்திலும் தெலுங்கிலும் அதையே எழுதியிருந்தார்கள். உள்ளே நுழைய பிளாட்பாரச் சீட்டு. விருந்தினருக்கு இலவசம், இலவசச் சீட்டு அச்சடித்த செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

மண்டபத்தின் நடுவே தண்டவாளம். அதன்மேல் பிளைவுட்டில் ஒரு ரயில். என்னை முதல் பெட்டியில் ஏற்றி, ரோஜா மாலை போட்டு, தலையில் ஜிகினாக் கிரீடம் வைத்தார்கள். பின்னாலும் பெட்டிகள் இருந்தன. இன்னும் யாரோ சில விருந்தினர்கள். ஒரே செயற்கைப் புகை; ஆள் அடையாளம் தெரியவில்லை. கடைசிப் பெட்டியில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். ஊதல் ஊதியது. சமையல்காரர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, ரயில் மேடையை நோக்கி நகர்ந்தது. பாதி வழியில் கயிறு அறுந்தது. "தொழில்நுட்பக் காரணங்களால் வண்டி தாமதமாக இயங்குகிறது" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கைதட்டியவர்களை அப்போதுதான் கவனித்தேன். துடைப்பம் சப்ளையர். பெயின்ட் சப்ளையர். நான் டீ வாங்கிக் கொடுத்து விலை குறைத்த அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

முதலாளி மேடையேறினார். கோட்டு, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றினார். சுபாஷ்.

"அன்பர்களே! ரயிலே இல்லாத ஊரில் எதற்கு ரயில் விழா என்று கேட்கிறார்கள். ரயில் இருக்கும் ஊரில் என்ன இருக்கிறது? தாமதம் இருக்கிறது. கூட்டம் இருக்கிறது. புகார் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து இதுவரை எங்களுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை! எங்கள் தொழிலில் தொல்லை தருவது ரயில் ஒன்றுதான். நல்லவேளை, அது எங்களுடையதல்ல."

கைதட்டல்.

"பயணம் போகிறவன் ஒருமுறைதான் பணம் கட்டுகிறான். போக முடியாதவன் திரும்பத் திரும்பக் கட்டுகிறான். அவன்தான் எங்கள் தெய்வம். இதோ, ஓசூர் வட்டாரத்திலேயே, ஒரு கிலோமீட்டர்கூடப் பயணிக்காமல் மிக அதிகக் கட்டணம் செலுத்திய பெருமகனார், சௌகரியச் செம்மல், திரு. அண்ணாதுரை!"

நான் எழவில்லை. இரண்டு பேர் பெட்டியிலிருந்து தூக்கி மேடையில் நிறுத்தினார்கள்.

"இவர் என் ஆசான்," என்றான் சுபாஷ், குரல் தழுதழுக்க. "ஒருநாள் மூன்று கவரோடு இவர் முன் நின்றேன். என்னைத் துரத்தினார். வெளியே மரத்தடியில் நின்று யோசித்தேன். மனிதனுக்கு நல்ல விலை முக்கியமில்லை; மூன்று விலை முக்கியம். மூன்றைக் காட்டிவிட்டால், எதை எடுத்தாலும் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வான். அந்த ஞானத்தை எனக்குக் கொடுத்தவர் இவர்தான்!"

காலில் விழுந்தான். துடைப்பம் சப்ளையர் எழுந்து நின்று விசில் அடித்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. பிளைவுட் மேடை, பிளந்திருந்தாலும் முழங்கால்வரைதான் போயிருப்பேன்.

ரயில் படம் போட்ட சால்வையைப் போர்த்திக் கவரைக் கொடுத்தார்கள். அங்கேயே பிரித்தேன். டிக்கெட் இல்லை. ஒரு கூப்பன். அடுத்த முன்பதிவில் சௌகரியக் கட்டணம் பாதி. கீழே சின்ன எழுத்தில்: 'கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படும் எல்லா ரயில்களுக்கும் செல்லும்.'

வெளியே எப்போதோ இருட்டிவிட்டிருந்தது. போன் அடித்தது. மங்கம்மா.

"எங்க இருக்கீங்க?"

"விழா லேட்டாயிடுச்சு. இதோ வந்துடறேன். டிக்கெட்..."

"நான் வண்டில உக்காந்துட்டேன். கீழ் பெர்த்து. அன்னிக்கே நஞ்சம்மாவோட போயி ஸ்டேஷன் கவுன்ட்டர்ல எடுத்துட்டேன். எனக்கு மட்டும்தான் எடுத்தேன். உங்க கொட்டேஷன் முடியட்டும்னு இருந்தேன். வளையல் உங்ககிட்ட இருக்கில்ல? விடியறதுக்குள்ள கொண்டாந்து சேருங்க. எம்பொண்ணு தலை குனியக் கூடாது."

மாலை, கிரீடம், சால்வை, கூப்பன் எல்லாவற்றையும் சமையற்கட்டில் எறிந்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். மேடையில் அடுத்த பரிசை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்று காதில் வாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மதுரைக்கு நேர் பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டக்டரிடம் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். பக்கத்தில் நின்ற பஸ்ஸில் கேட்டேன். மூன்றாவது பஸ்ஸைத் தேடித் திரும்பியபோது நேர் பஸ் போய்விட்டது.

சேலம் போய், மதுரை போய், கோவில்பட்டி போய்ச் சேர்ந்தபோது, பந்தலில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயப்ரியா மணையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். எல்லாம் அந்தத் தெருமுனைக் கடையில் அவசரமாக வாங்கியது. "அப்பா வந்துருவாரு, எங்க வீட்டு வளையல் வந்துரும்" என்று நல்ல நேரம் தாண்டும்வரை எல்லாரையும் காக்கவைத்திருக்கிறாள். பிறகு அந்த வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, "தாய் வீட்டு வளையல் இல்லாத வளைகாப்பை இப்பத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள்.

சம்பந்தி மட்டும் மரியாதையாக எழுந்து வந்தார். "வாங்க சம்பந்தி. ரயிலு லேட்டாக்கும்? எங்க ஏறுனீக?"

வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "கிருஷ்ணகிரியில" என்றேன்.

மாப்பிள்ளை ஓசூரில் இருந்தவர்; அவருக்கு அந்த ஊர் தெரியும். குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். பிறகு பந்தலுக்கே தெரிந்துவிட்டது. சிரிப்பு ஓய்ந்ததும் ஜெயப்ரியா தலையைக் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நல்ல பொய்யா சொல்லியிருக்கக் கூடாதாப்பா."

டப்பாவை நீட்டியபடி நின்றேன். அவள் கையில் இடமில்லை. அத்தனை பஸ் மாறியும் அதில் ஒரு வளையல்கூட உடையவில்லை.

இதுதான் நடந்தது. சால்வை இல்லை, சாட்சி இல்லை. பேக்கரியில் சொன்னேன், சிரித்தார்கள். "டைம் வேஸ்ட். முழுக்க முழுக்க ரிஜெக்ட்" என்று சம்பங்கி முத்திரை குத்திவிட்டான். அந்த முத்திரை என் வீட்டு வாசல்வரை வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பங்கியும் நஞ்சம்மாவும் ஜெயப்ரியாவைப் பார்க்க வந்தார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கக் கூடாது, பழசுதான் உடம்புக்கு ஆகும் என்று, வீட்டிலிருந்த பழைய மெல்லிய துணிகளையெல்லாம் நஞ்சம்மா ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இது இவரோட பழைய வேட்டிம்மா, பஞ்சு மாதிரி இருக்கும். இது எங்க மாமியாரு புடவை. இது என்னாமோ சால்வை. பீரோ அடியில சுருட்டி வெச்சிருந்தாரு. கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. போத்தறதுக்கு ஆகும்னு எடுத்தாந்தேன்."

உதறினாள். அதன் நடுவில் ஒரு ரயில் படம். சுற்றிலும் தங்க எழுத்து: 'சௌகரியச் செம்மல், இரண்டாம் பரிசு, கிருஷ்ணகிரி சந்திப்பு.'

மங்கம்மா கையிலிருந்த காபித் தட்டோடு அப்படியே நின்றாள். சம்பங்கி சீலிங் ஃபேனைப் பார்த்தான். அது ஓடவில்லை; இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா," என்றாள் ஜெயப்ரியா. "இது என்னா?"

"அது... யாரோ குடுத்தது."

"துண்டுல மூஞ்ச மூடிக்கினு இருமினது நீயாடா?" என்றேன்.

"நீ சும்மா இருப்பா." அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான் ஒண்ணும் உன்னாட்டம் கொட்டேஷன் பைத்தியம் இல்ல. ரத்து பண்ணா பணம் ஒழுங்கா திரும்பி வருதான்னு சாம்பிள் செக் பண்ணேன். ஒண்ணு போட்டு ஒண்ணு ரத்து பண்ணேன். ஒரு சாம்பிளை வெச்சு எப்படி முடிவுக்கு வர்றது? அதான் இன்னொண்ணு. அப்பறம் இன்னொண்ணு..."

"எவ்ளோ சாம்பிளு?" என்றாள் நஞ்சம்மா. அவள் குரல் மாறியிருந்தது.

சம்பங்கி மறுபடியும் சீலிங் ஃபேனைப் பார்த்தான். ஜெயப்ரியாவும் அவனை விடவில்லை. மெல்ல எழுந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்துபோய், ஃப்ரிட்ஜின் மேலிருந்த டப்பாவை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து என் மடியில் வைத்தாள். கையை என் பக்கம் நீட்டினாள். முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"வாயால சொல்லுங்க மாமா. அப்பறமா போட்டுக்கறேன்."

சம்பங்கி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். மூடிக்கொள்ளத்தான் எடுத்தான் என்று நினைக்கிறேன். எல்லாரும் பார்த்ததால் துடைத்தான்.

"ஏறினான்மா," என்றான். "கிருஷ்ணகிரியிலதான் உங்கப்பன் ரயில் ஏறினான். நான் கடைசிப் பெட்டியில இருந்தேன்."